போட்டது 25 லட்சம், கட்டணம் ஒரு கோடிக்கு: உங்கள் ஏஐஎஃப் பற்றிய என் புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு

பொருள்: இரண்டாம் வகை ஏஐஎஃப் (மாற்று முதலீட்டு நிதி), பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டுமானத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் ரியல் எஸ்டேட் கடன் திட்டம், கட்டணமும் கால நீட்டிப்பும்

வணக்கம்.

இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் வந்த பதில் ஒரே மாதிரி மூன்று வரி: "தாங்கள் விவரமறிந்த முதலீட்டாளர், ஆவணங்களைப் படித்தே கையெழுத்திட்டிருக்கிறீர்கள், எல்லாம் ஒப்பந்தப்படியே நடக்கிறது." சரி, நான் விவரமறிந்தவன்தான். 1994-லிருந்து பங்குச் சந்தையில் இருக்கிறேன். 2008-ல் ஜனவரியில் 21,000 தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 9,000-க்குக் கீழே விழுந்தபோது என் பணமும் பாதியாகக் கரைந்தது, அதற்காக யாருக்கும் கடிதம் எழுதவில்லை. நஷ்டம் வேறு, கணக்கை மாற்றிச் சொல்வது வேறு. நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

2021-ல் உங்கள் ரிலேஷன்ஷிப் மேனேஜர் தம்பி கோயம்புத்தூரில் என் கடைக்கே வந்தார். "அண்ணா, மியூச்சுவல் ஃபண்டெல்லாம் எல்லாரும் போடறதுங்க, இது உங்க மாதிரி அனுபவம் இருக்கறவங்களுக்கு மட்டும்" என்று டேப்லெட்டைத் திறந்து காட்டினார். குறைந்தபட்சம் ஒரு கோடி என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வைத்த விதி, அது எனக்கும் தெரியும். ஒரு கோடியை மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை, கேட்கும்போது கட்டினால் போதும், கட்டின பணத்துக்கு மட்டும்தான் நிர்வாகக் கட்டணம் என்றார். அந்த ஸ்லைடை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார், இன்னும் என்னிடம் இருக்கிறது.

2021 ஜூனில் 25 லட்சம் கட்டினேன். அடுத்த 25 லட்சத்தை நீங்கள் கேட்டது 2022 ஜூனில். அந்த ஒரு வருடமும் உங்கள் கையில் இருந்த என் பணம் 25 லட்சம்தான். ஆனால் 1.75 சதவீதக் கட்டணத்தை ஒரு கோடிக்குப் போட்டு 1,75,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 31,500, ஆக 2,06,500 ரூபாயை அந்த 25 லட்சத்திலிருந்தே எடுத்துக்கொண்டீர்கள். போட்ட பணத்தில் 8.26 சதவீதம். என் வீட்டு லாக்கரில் தூங்கிக்கொண்டிருந்த 75 லட்சத்துக்கு நீங்கள் என்ன நிர்வாகம் செய்தீர்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. (லாக்கர் என்பது பேச்சுக்கு. உடனே எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டில் இருந்தது, எப்போது கேட்பீர்களோ என்று வேறெங்கும் போட முடியாமல்.)

"ஒப்பந்தப்படி" என்கிறீர்கள். அதைத்தான் நானும் எடுத்து வைத்துப் படித்தேன். 140 பக்க விளக்க ஆவணத்தில் 47-ஆம் பக்கம், கட்டணம் "செலுத்திய மூலதனத்தின் மீது" என்று இருக்கிறது. அதன் பிறகு கையெழுத்து வாங்கின முதலீட்டு ஒப்பந்தத்தில் அதே கட்டணம் "உறுதியளித்த தொகையின் மீது" என்று மாறியிருக்கிறது. ஒப்பந்தம் விளக்க ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும், அதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது செபி விதி. இது உங்களுக்குத் தெரியாதா, இல்லை எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

அப்புறம் இந்த 14.2 சதவீத வருமானம். ஒவ்வொரு காலாண்டு அறிக்கையின் முதல் பக்கத்திலும் பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு: கட்டணத்துக்கு முன், முடிந்துபோன கடன்களுக்கு மட்டும். முடிந்துபோனவை எத்தனை? இரண்டு. மீதி ஐந்து இன்னும் முடியவில்லை, அவை இந்தக் கணக்கிலேயே இல்லை. நான் கட்டிய நான்கு தவணை, இதுவரை திரும்பி வந்த 38.6 லட்சம், மீதிக்கு நீங்களே போட்டிருக்கும் மதிப்பு 81 லட்சம், எல்லாவற்றையும் தேதியோடு எக்செலில் போட்டு எக்ஸ்ஐஆர்ஆர் (தேதிவாரியாகக் கணக்கிடும் ஆண்டு வருமான விகிதம்) பார்த்தால் ஆறரை சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. அதுவும் அந்த 81 லட்சம் உண்மையாகக் கைக்கு வந்தால்.

வருமா என்று எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஐந்தில் ஒன்று சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு அடுக்குமாடித் திட்டம். மார்ச் அறிக்கையிலும் செப்டம்பர் அறிக்கையிலும் அதன் புகைப்படத்தைப் போட்டிருந்தீர்கள். இரண்டிலும் வாசலில் அதே நீலத் தண்ணீர் லாரி, அதே இடத்தில், பின்சக்கரத்துக்கு அதே செங்கல் முட்டு. ஆறு மாதமாக ஒரு லாரி நகரவில்லையா? சொந்த வேலையாகச் சென்னை போனபோது அங்கே இறங்கிப் பார்த்தேன். லாரியும் இல்லை, ஆளும் இல்லை. எட்டாவது மாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பியெல்லாம் துரு. வாட்ச்மேன் கீழே கம்பிக்கட்டின் மேல் லுங்கி காயப்போட்டிருந்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை என்றார், எந்த வருடத்துத் தீபாவளி என்று கேட்டதற்குச் சிரித்தார். உங்கள் அறிக்கையில் வேலை 72 சதவீதம் முடிந்து "திட்டமிட்டபடி" போகிறது.

இதற்கு நடுவில்தான் கால நீட்டிப்பு. நான்கு வருடத் திட்டம் 2025 செப்டம்பரோடு முடிய வேண்டும். ஆகஸ்டில் ஒரு மின்னஞ்சல்: இரண்டு வருடம் நீட்டிக்கிறோம், ஏழு நாளில் பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம். நீட்டிப்புக்கு முதலீட்டு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதலீட்டாளர்களின் ஒப்புதல் வேண்டும். அதில் எத்தனை பேர் வாயைத் திறந்து சரி என்றார்கள், எத்தனை பேர் மெயிலையே பார்க்காமல் "சரி" ஆனார்கள்? நான் மறுப்பு எழுதினேன், அதைப் பெற்றுக்கொண்டதாகக்கூடப் பதில் இல்லை. நீட்டித்த இரண்டு வருடமும் கட்டணம் உண்டா, உண்டென்றால் எதன்மீது என்பதும் அந்த மெயிலில் இல்லை.

வருமான வரிக்காக நீங்கள் எனக்குத் தரும் வருமான விவரம், படிவம் 64சி, அதன் கதை தனி. ஜூன் 30-க்குள் தர வேண்டியது 2024-ல் ஆகஸ்ட் 9-ஆம் தேதி வந்தது, நான் ஜூலையிலேயே கணக்குத் தாக்கல் செய்து முடித்த பிறகு. திருத்தித் தாக்கல் செய்ய ஆடிட்டருக்கு மறுபடியும் பணம்.

என் பக்கம் ஒருமுறை தாமதமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் கடைசித் தவணை, மகள் கல்யாண வாரம். மண்டபம், சமையல், உறவுக்காரர்கள் என்று ஓடியதில் நான்கு நாள் தள்ளிப்போனது. ஆண்டுக்கு 18 சதவீதம் போட்டு 4,932 ரூபாய் வட்டி வாங்கினீர்கள். ஒப்பந்தத்தில் இருந்தது, பேசாமல் கட்டினேன். இப்போது நீங்கள் என் பணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறீர்கள், உங்களுக்கு ஒரு ரூபாய் வட்டி கிடையாது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். விளக்க ஆவணத்தில் உள்ளபடி செலுத்திய தொகைக்கு மட்டும் கட்டணத்தைக் கணக்கிட்டு, அதிகமாக எடுத்ததைத் திருப்பித் தாருங்கள். ஐந்து கடன்களுக்கும் சுயேச்சை மதிப்பீட்டாளர் கடைசியாகக் கொடுத்த அறிக்கையும், வாக்கெடுப்பில் ஆதரவு, எதிர்ப்பு, மௌனம் எவ்வளவு என்ற எண்ணிக்கையும் வேண்டும். என்னைச் சேர்த்ததற்காக உங்கள் விநியோகஸ்தருக்கு முன்பணமாக எவ்வளவு கமிஷன் போனது என்பதும் வேண்டும். முன்பணத்துக்கு உச்சவரம்பு 2023 மே மாதத்தில்தான் வந்தது, நான் அதற்கு முன்பே சேர்ந்தவன் என்று தெரியும். தடை இல்லை என்பதால் தொகையைச் சொல்லக் கூடாது என்று ஆகாதே.

21 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லை என்றால் இதே கடிதம் செபியின் ஸ்கோர்ஸ் புகார் தளத்துக்குப் போகும், அங்கும் தீரவில்லை என்றால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற இணையவழித் தகராறு தீர்வுத் தளத்தில் சமரசத்துக்கு. இரண்டு புகைப்படங்களையும் நான் எடுத்த மூன்றாவதையும் இணைத்திருக்கிறேன்.

தயவுசெய்து போனில் கூப்பிட வேண்டாம், எழுத்தில் மட்டும். புது ரிலேஷன்ஷிப் மேனேஜரை அனுப்பவும் வேண்டாம். போன மாதம் வந்தவர் இன்னொரு ஏஐஎஃப் பிரசுரத்தோடு வந்திருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் "விவரமறிந்த" முதலீட்டாளர்
கோயம்புத்தூர்