நௌகார்டைப் படித்துச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புள்ளவர்களுக்கு,

அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் நடந்த ஜெர்மன் குடியேறிகள் வம்சாவளி ஆய்வு மாநாட்டிலிருந்து ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. கிளம்பும் அவசரத்தில் சரியாக நன்றி சொல்லவில்லையே என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

நான் ஈரோட்டுப் பெண். வாக்கப்பட்டது மில்வாக்கியில், ஜெர்மன் வழி வந்த குடும்பத்தில். என் மாமியாருக்கு வயது 82. அவருடைய கொள்ளுப்பாட்டி 1881இல், பத்தொன்பது வயதில், ஜெர்மனியின் பிரேமன் துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்கா வந்தவர். சொந்த ஊர் எது என்று கேட்டால் 'பிரஷ்யா' என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது ஓர் ஊரல்ல, அன்றைய ஜெர்மனியின் பெரும்பகுதியை அடக்கிய ராஜ்யம். அந்தக் காலத்து ஞானஸ்நானமும் கல்யாணமும் அந்தந்த ஊர்த் தேவாலயப் புத்தகத்தில்தான் இருக்கும். ஊர் தெரியாமல் ஓரடி எடுத்துவைக்க முடியாது. ஹாம்பர்க் வழியாக வந்திருந்தாலாவது 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியல் இருக்கிறது. பிரேமனிலோ, வைக்க இடமில்லை என்று பழைய பட்டியல்களை அதிகாரிகளே அழித்துவிட்டார்கள். இதை ஒரு உரையில் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கையில் மிச்சமிருந்தது, கொள்ளுப்பாட்டியை அடக்கம் செய்த லூத்தரன் தேவாலயத்தின் பதிவேட்டு நகல் ஒன்றுதான். பிறந்த ஊர் 'நங்கார்ட்' என்று குடும்பத்தில் யாரோ எப்போதோ படித்து வைத்திருந்தார்கள். அப்படி ஒரு ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை.

மாநாட்டில் பழைய ஜெர்மன் கையெழுத்து வகுப்பு எடுத்த அம்மா ஒருவர், அந்த நகலைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குர்ரென்ட் என்ற அந்தப் பழைய கையெழுத்து முறையில் 'என்'னும் (n) 'யூ'வும் (u) ஒரே மாதிரி இரண்டு கோடுகள். 'யூ'வின் தலைமேல் மட்டும் ஒரு சின்ன வளைவு உண்டு. மங்கிப்போன அந்த வளைவை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். நங்கார்ட் (Nangard) இல்லை, நௌகார்ட் (Naugard)! புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படித்துச் சொன்ன பெரியவர்களை நினைத்துக்கொண்டேன். அம்மா, அன்று உங்கள் சாப்பாட்டு நேரம் முழுவதும் எங்களுக்காகப் போயிற்று. உங்களுக்குத்தான் என் முதல் நன்றி.

ஆலன் கவுண்ட்டி பொது நூலகத்தின் வம்சாவளிப் பிரிவு ஊழியர்களுக்கும் நன்றி. 1912ஆம் ஆண்டின் மேயர் ஊர் அகராதியில் பிரஷ்யாவின் மாகாணமாக இருந்த பொமரேனியாவின் நௌகார்டை எனக்கு எடுத்துக் காட்டி, ஒவ்வொரு சுருக்கக் குறியையும் பொறுமையாக விளக்கினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த போலந்துக்காரத் தம்பி, அந்த ஊர் இன்று போலந்தில் நோவோகார்ட் என்ற பெயரோடு இருப்பதைச் சொன்னதோடு நிற்காமல், போலந்தின் ஷ்செச்சின் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போலிஷ் மொழியிலேயே ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். தம்பி, பதில் வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.

மூன்று நாளும் என் மகளைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும், போக வர வண்டி ஓட்டிய தோழிக்கும் நான் பட்ட கடன் தனி.

வீட்டுக்கு வந்த அன்று மாமியாரிடம் நகலைக் கொடுத்தேன். பெயரை நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு பழைய வம்சாவளித் தாளை எடுத்து விரித்து, தப்பான எழுத்தை அழித்துவிட்டுப் பென்சிலால் திருத்தி, அதன் தலைமேல் அந்தச் சின்ன வளைவையும் போட்டார்.

அன்புடன்,
மில்வாக்கியிலிருந்து ஒரு மருமகள்