கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கேஜ் முள்ளும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு புகார்கள் வந்தன. இரண்டும் சிலிண்டரின் அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் காட்டும் கேஜின் முள்ளைப் பற்றியவை. ஆக்சிஜன் வாங்கியவர் சொன்னது: "நேற்று மதியம் முள் 160 பாரில் நின்றது, இன்று விடியற்காலை 150தான் காட்டுகிறது. சிலிண்டரைத் திறக்கவே இல்லை. வால்வு கசிகிறது." சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், ஒரு குமிழிகூட எழவில்லை. கார்பன் டை ஆக்சைடு வாங்கியவருக்கோ நேர்மாறான குறை. மூன்று நாளாக வேலை செய்தும் முள் அசையவில்லையாம், நான்காம் நாள் மளமளவென்று விழுந்துவிட்டதாம். பாதி நிரப்பிக் கொடுத்து ஏமாற்றிவிட்டோம் என்று சொல்லாத குறை. இரண்டு பேர் மேலும் தவறில்லை. ஒரே மாதிரி கேஜ் இரண்டு சிலிண்டரிலும் இரண்டு வேறு விஷயங்களைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

முதலில் ஆக்சிஜன். அந்தக் கூட்டுக்குள் இருப்பது வெறும் வாயு. 47 லிட்டர் கொள்ளளவில் 150 பாருக்கு அடைத்ததை வெளியே விட்டால் ஏறத்தாழ 7 கனமீட்டர் இடம் பிடிக்கும். முள் 75க்கு வந்தால் சரக்கும் பாதி. ஆனால் சூடு ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடிச் சுவரில் பலமாக மோதும், அழுத்தமும் ஏறும். இதில் கணக்கு போடும்போது பலரும் ஓரிடத்தில் வழுக்குவார்கள்: 20 டிகிரி 40 ஆனால் அழுத்தம் இரட்டிப்பாகாது. மைனஸ் 273லிருந்து எண்ண வேண்டும். அந்த வாடிக்கையாளரின் சிலிண்டர் வெயிலில் 38 டிகிரிக்குச் சூடாகி, விடியும்போது 20க்கு ஆறியிருந்தால், 311 என்பது 293 ஆகியிருக்கிறது. 160 பாரும் அதே விகிதத்தில் 150 பக்கம் இறங்கும். கசிவு எதுவும் இல்லை.

இனி கார்பன் டை ஆக்சைடு. சிலிண்டரை மெல்லச் சாய்த்தால் உள்ளே எதோ அலம்புவது கைக்குத் தெரியும். அது திரவம். அதன் மேலே கொஞ்சம் வாயு. வாயுவை எடுக்க எடுக்கத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது, அதனால் முள் நகர்வதில்லை. முள் சொல்வது உள்ளே எத்தனை டிகிரி என்பதை மட்டும்: 0 டிகிரியில் சுமார் 35 பார், 20 டிகிரியில் 57, 25 டிகிரியில் 64. முழுதாக இருந்தாலும் கால்வாசி தீர்ந்திருந்தாலும் அதே எண்தான்.

அப்புறம் ஒரு நாள் கடைசிச் சொட்டுத் திரவமும் தீரும். அதற்குப் பிறகுதான் அது ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரி நடக்கும், முள்ளும் இறங்கும். 30 கிலோ நிரப்பிய 45 லிட்டர் சிலிண்டரில், 20 டிகிரியில், அந்த நேரம் 8 அல்லது 9 கிலோ வாயு இன்னும் மிச்சம் இருக்கும். முள் விழுந்ததும் காலி என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஒன்று திரவமாகிறது, இன்னொன்று ஏன் ஆவதில்லை? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகளே வெகுகாலம் திணறினார்கள். ஆக்சிஜனைக் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு அழுத்தியும் பலிக்காமல், 'நிரந்தர வாயு' என்று பெயர் சூட்டி ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1869ல் அயர்லாந்து வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை வைத்தே முடிச்சை அவிழ்த்தார். சுமார் 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் திரவம் என்று தனியாக ஒன்று பிரிவதில்லை. ஆக்சிஜனுக்கு அந்த எல்லை மைனஸ் 118 டிகிரி. அழுத்தினால் மட்டும் போதாது, குளிர்விக்கவும் வேண்டும் என்று தெரிந்தபின், 1877ல் ஆக்சிஜனும் திரவமானது.

இந்த 31 டிகிரி உங்களுக்கும் எங்களுக்கும் முக்கியம். முழுதாக நிரப்பிய சிலிண்டர் சூடாகும்போது திரவம் விரிந்து மேலே இருக்கும் காலி இடத்தைத் தின்றுவிடும். அதற்கு மேல் அழுத்தம் தாவித் தாவி ஏறும். பாதுகாப்புத் தகடு உடைந்து வாயு சீறி வெளியேறுவது இப்படித்தான். வெயிலில் நிறுத்தாதீர்கள்.

வேகமாக எடுத்தால் சிலிண்டரின் அடிப்பகுதியில் உறைபனி படியும், முள்ளும் சற்றுத் தணியும். கொதிப்பதற்கு வேண்டிய சூட்டைத் திரவம் இரும்பிலிருந்தே உறிஞ்சுகிறது. சற்று நேரம் விட்டால் தானே சரியாகிவிடும். வெல்டிங் டார்ச்சின் தீயைக் காட்டிச் சூடாக்குவதைச் சிலரிடம் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து வேண்டாம்.

சரி, எவ்வளவு மிச்சம் என்று எப்படிப் பார்ப்பது? தராசில்தான். சிலிண்டரின் தோளில் காலி எடையைப் பொறித்திருப்பார்கள், நிற்கும் எடையிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இனி எங்களிடம் எடுக்கும்போதே தராசில் ஏற்றிக் காட்டி, எடையைச் சீட்டில் எழுதித் தருகிறோம்.

அன்புடன்,
சிலிண்டர் நிரப்பும் பிரிவு