26 கிரேடு என்று பில் போட்டுக் கொடுத்த கற்கள் பற்றிய புகார்

அனுப்புநர்: பீங்கான் சூளை வைத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர், பொள்ளாச்சி
பெறுநர்: மேலாளர், விற்பனைப் பிரிவு
பொருள்: சூளைக்கு வாங்கிய 380 இன்சுலேஷன் (சூடு வெளியே போகாமல் தடுக்கும்) கற்களை மாற்றித் தருவதும் நஷ்ட ஈடும்

ஐயா,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் மூன்றுக்கும் வந்தது. அதனால் இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

சித்திரைக் கடைசியில் வாங்கிய கல். 230க்கு 115க்கு 75 மில்லிமீட்டர் அளவு. பில்லிலும் 26 கிரேடு, அதாவது அதிகச் சூடு தாங்கும் ரகம்; அட்டைப்பெட்டியிலும் 26. இறக்கும்போதே லேசாக இருக்கிறதே என்று பட்டது. பெரிய கம்பெனி, தப்பாக அனுப்ப மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு நாள் கொத்தனார் கூலி கொடுத்துச் சூளையைக் கட்டி, சின்னத் தீயில் ஈரம் போக்கி, 1000 டிகிரியில் முதல் சூடு போட்டேன். ஒன்றும் தெரியவில்லை. ஆடியில் கிளேஸ் சூடு, அதாவது சாமான் மேல் பூசிய பளபளப்புப் பூச்சை உருக்கும் சூடு, 1280 டிகிரி. ஆறவிட்டு மறுநாள் கதவைத் திறந்தால், மேல் வளைவு தொய்ந்து கிடக்கிறது. கல்லுக்குக் கல் பென்சில் நுழைகிற சந்து. வளைவிலிருந்து இரண்டு கல் உடைந்து, சாமான்களை அடுக்கும் சூளைத் தட்டுகளின் மேலேயே விழுந்திருந்தது. உள்ளே இருந்தவை ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கச் சொன்ன 200 கிண்ணங்கள். ஒன்றுகூடத் தேறவில்லை.

230 மில்லிமீட்டர் கல் 221 ஆகியிருக்கிறது. ஏறக்குறைய 4 சதவீதம். 26 கிரேடு என்றால் 1400 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தாலும் 2 சதவீதத்துக்கு மேல் சுருங்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? "ஓவராகச் சுட்டிருப்பீர்கள்" என்று போனில் சொன்னார்கள். உள்ளே வைத்த கோன்கள், அதாவது எவ்வளவு சூடு ஏறியது என்று வளைந்து காட்டும் கூம்புகள், பத்திரமாக இருக்கின்றன. கோன் 10 வளைந்திருக்கிறது, 11 அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. 1320-ஐத் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் சாந்து சரியில்லை என்றார்கள். அந்தச் சாந்தும் நீங்கள் விற்றதுதான்.

டீலரைக் கேட்டால் ஃபேக்டரி என்கிறார், ஃபேக்டரியில் டீலர் என்கிறார்கள். இன்ஜினியர் வியாழக்கிழமை வருவார் என்று மூன்று வியாழக்கிழமை வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள உங்கள் கிடங்கில் நடந்ததை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் பழைய சூளையில் மிஞ்சியிருந்த அசல் 26 கல் ஒன்று, நீங்கள் கொடுத்த கல் ஒன்று, சமையல்கட்டுத் தராசு. மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தேன். பழைய கல் ஒன்றரை கிலோவுக்கு மேல். உங்கள் கல் 1 கிலோ 100 கிராம். இரண்டும் ஒரே அளவு. எடை போட்டுக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம். பத்தரை மணியிலிருந்து மூன்று மணி வரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் உள்ளே கூப்பிட்ட உங்கள் ஆள், தராசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அம்மிணி, இது கோலம் போடற வேலை இல்லீங்க. ஊட்டுல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லுங்க" என்றார்.

நான் பதினான்கு வருடமாகச் சூளை சுடுகிறவள். குறைந்த சூடு தாங்கும், எடையும் குறைந்த 23 கிரேடு கல்லைச் சூளையின் உள்முகத்தில் வைத்து 1280 சுட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தானே 26-க்குக் காசு கொடுத்தேன்! 23-ஐத் தூக்கி 26 பெட்டியில் போட்டிருக்கிறீர்கள், வேறொன்றும் இல்லை. கல்யாண வீட்டுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக்கொண்டார்கள். இனி அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் என்னிடம் ஆர்டர் கொடுப்பார்கள்? தட்டு, கேஸ், கூலி, போன பேர் எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. என் தொழிலே முடிந்துபோன மாதிரிதான். அந்த மனிதர் தராசையாவது பார்த்திருக்கலாம்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் கம்பெனிக் கல்லை எனக்குச் சிபாரிசு செய்ததே என் குருநாதர்தான். இதைச் சுமுகமாக முடிக்கத்தான் விரும்புகிறேன். உண்மையான 26 கல் 380, பிரித்துக் கட்டும் கூலி, உடைந்த சாமான்களின் விலை, கிடங்கில் பேசியவர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்றிலிருந்து 15 நாள் பார்ப்பேன். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போவேன். தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு நிற்காது என்று உங்கள் ஆள் ஒருவர் போனில் சட்டம் பேசினார். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில், பெட்டி, கோன்கள், இரண்டு கற்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. சுருங்கிய சூளையையும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

கல் அனுப்புவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், இறக்க ஆள் பிடிக்க வேண்டும். இந்த முறை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கல்லை எடை போட்டுப் பார்ப்பேன். லாரிக்காரரிடம் அதையும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்