யாருடைய கணக்கு இது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெப்ப அலை, நோய், வறுமை ஆகியவற்றைத் தனித்தனிச் செய்திகளாகப் படிக்கிறோம். ஆனால் அவை வந்து இறங்குவது பெரும்பாலும் ஒரே வீட்டில்தான். கடும் வெயிலில் கூலி வேலை செய்பவரின் சிறுநீரகம் கெடுகிறது. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. இதை எந்தத் துறையின் கோப்பில் சேர்ப்பது?

'அதிகம் பேருக்கு அதிக நன்மை' என்கிறது பயன்வாதம் என்ற அறநெறிக் கோட்பாடு. சரி, ஆனால் யாரையெல்லாம் எண்ணுகிறோம்? 2021இல் கோவிட் தடுப்பூசியை நேர்மையான கணக்குப்படி பகிர்ந்திருந்தால், ஏழை நாடுகளின் மருத்துவப் பணியாளர்களுக்கும் முதியவர்களுக்கும் அது முதலிலேயே போயிருக்கும். பணக்கார நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தன. அங்கே கோட்பாடு தோற்கவில்லை. நாம்தான் கணக்கை நாட்டு எல்லையோடு நிறுத்திக்கொண்டோம்.

மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றார் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட். ஏற்றத்தாழ்வு, கடைசியில் நிற்பவருக்கு உதவுகிறதா என்று கேட்டார் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ். அந்தக் கேள்வியை அவரே ஒரு சமூகத்துக்குள் நிறுத்திக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு. புகைக்கு ஏது எல்லை? காற்று மாசால் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

தூய்மையான சுற்றுச்சூழல் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2022 ஜூலையில் தீர்மானித்தது. அப்படியானால் எந்தப் பெரிய திட்டத்தை அறிவிக்கும்போதும், அதன் செலவை யாருடைய உடலும் பிழைப்பும் சுமக்கும் என்பதையும் அரசுகள் சேர்த்தே வெளியிட வேண்டும். அந்தக் கேள்வியை உங்கள் செய்தியாளர்களும் விடாமல் கேட்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்