ஆண்டறிக்கை 2024-25: மலையிலிருந்து தீவு வரை

தலைவர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரி மாணவர்களே அதிகம் என்பது மகிழ்ச்சியான விஷயம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் இந்த ஆண்டு நம் சங்கம் போய்வந்த தேசியப் பூங்காப் பயணங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது, அதுவும் பஸ் கொள்ளாத கூட்டமாகப் போகாமல் சிறு குழுவாக, உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு போவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். செலவு கூடத்தான் செய்தது. ஆனால் முன்பு போய்வந்த இடங்களிலேயே இவ்வளவு இருக்கிறதா என்று மூத்த உறுப்பினர்களே வியந்தார்கள்.

வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நீலகிரியின் பார்சன்ஸ் வேலி - முக்கூர்த்தி பாதையும் இருந்ததால் முதலில் அங்கே போனோம். சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தி 1990-இல் தேசியப் பூங்கா ஆனது. வரையாடுகளுக்காகவே காக்கப்படும் இடம். எதிர்ப்பாறையில் ஒரு சிறு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்ததை வழிகாட்டி காட்டினார். நமக்கோ வெகுநேரம் பாறைதான் தெரிந்தது. ஒரு குட்டி துள்ளிய பிறகுதான் மற்றவையும் கண்ணில் பட்டன. 2024 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1,031 வரையாடுகள்தான். நம் மாநில விலங்கு தமிழ்நாட்டில் அப்போது எண்ணப்பட்டது அவ்வளவே.

அங்கே புல்வெளியையும் கவனித்தோம். பார்க்க வெறும் புல். கையை வைத்து அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் கசிகிறது. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுவது இந்தப் புல்லும் மலை மடிப்புகளில் உள்ள சோலைக்காடும்தான். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் அந்தப் புல்லைப் பல இடங்களில் மூடிவிட்டது. வரையாட்டுக்கு மேய்ச்சல் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் கடல். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் போகவே கூடாது. வாடைக் காலத்தில் வடகடலான பாக் நீரிணை கொந்தளித்தாலும் தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும் என்று பாம்பன் மீனவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் தேதி குறித்தோம். 1986-இல் அறிவிக்கப்பட்டபோது இங்கே 21 தீவுகள். சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விளாங்குச்சல்லி என்ற இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. நாம் இறங்கியது குருசடைத் தீவில். அந்தப் பக்கம் பவளத்தின் மேல் கப்பாபைகஸ் என்ற அயல் பாசி படர்ந்து மூச்சை அடைக்கிறது. வனத்துறை ஆட்களை வைத்துக் கையால் அகற்றுகிறது. அதுவும் வியாபாரத்துக்காக வளர்க்கக் கொண்டுவந்ததுதான். மலையில் சீகை செய்ததைக் கடலில் இது செய்கிறது. இந்த இரண்டையும் ஒரே ஆண்டில் நேரில் பார்த்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் காரங்காடு அலையாத்திக் காட்டில் படகில் போனோம். அது தேசியப் பூங்காவுக்குள் வராது. ஆனால் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் விதம் அருமை. சேற்றிலிருந்து ஆணி அடித்தது போல மூச்சுவேர்கள் நிற்கின்றன. படகோட்டி வெண்கண்டல் இலை ஒன்றைக் கொடுத்து நாக்கில் வைக்கச் சொன்னார். உப்புக் கரித்தது. உறிஞ்சும் உப்பை அந்த மரம் இலை வழியாகவே வெளியேற்றுகிறது. உடன் வந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு இலை கேட்டார்கள். பறிக்கக் கூடாது என்று அவர் சொன்னதும் அந்த ஒன்றையே சுற்றிக் கொடுத்துக்கொண்டார்கள்.

சென்னையில் உள்ள உறுப்பினர்கள் கிண்டிப் பூங்காவில் வெளிமான் பார்த்து வந்தார்கள். முதுமலைக்கு இந்த ஆண்டு நேரம் அமையவில்லை.

வரும் ஆண்டுக்கு ஆனைமலையை முன்மொழிகிறேன். டாப்ஸ்லிப்பில் தங்கி, காடர், மலசர் சமூகத்தைச் சேர்ந்த வழிகாட்டிகளோடு நடக்க வேண்டும். அவர்களுக்கு உரிய கூலியைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்து வசூலிக்கவும், குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதிருக்கவும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

நன்றி.
செயலாளர்