அசைவு நின்றவர்களுக்கும் இடம் வையுங்கள்

தசைகளை அசைக்கும் இயக்க நரம்பணுக்கள் அழிந்துபோகும் மோட்டார் நியூரான் நோய்க்கு, ஸ்டெம் செல் (பல வகை உயிரணுக்களாக வளரக்கூடிய மூல உயிரணு) சிகிச்சை தேடும் ஆய்வாளர்களுக்கும், சோதனைகளுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் வணக்கம்.

என் அண்ணனுக்கு இந்த நோய். வலது கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தவரை, அழைப்பு மணியைத் துணியில் சுற்றி அதன் அடியில் வைத்திருந்தோம். ஒரு நாள் மணி அடிக்கவே இல்லை. தூங்குகிறார் என்று இருந்துவிட்டோம். போய்ப் பார்த்தால் விழித்தபடி கிடக்கிறார், விரல் நின்றுபோயிருந்தது. இப்போது நான் எழுத்து அட்டையைத் தொட்டுக்கொண்டே போவேன், வேண்டிய எழுத்து வந்ததும் கண் சிமிட்டுவார்.

2014-இல் லண்டனில் எலிகளிடம் நடந்த ஆய்வை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இயக்க நரம்பணுக்களைத் தண்டுவடத்தில் வைக்காமல், காலுக்குப் போகும் நரம்பிலேயே வைத்தார்கள். அவை தசைவரை வளர்ந்து சேர்ந்தன. ஒளிக்குத் தூண்டப்படும்படி மாற்றிய அணுக்கள் என்பதால், நீல ஒளி பட்டதும் தசை சுருங்கியது. அவை நரம்பு காயப்படுத்தப்பட்ட எலிகள், இந்த நோய் கண்டவை அல்ல. அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் வழி சரியென்றே படுகிறது. நரம்பிழை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். தண்டுவடத்திலிருந்து பாதம் வரை எட்டுவதற்குள் தசை சூம்பிவிடும். தசைக்குப் பக்கத்திலேயே வைத்தால் அந்தத் தூரமே இல்லை.

முழுதும் கேட்டுவிட்டு அண்ணன் அட்டையில் சொன்னது: "என்னைச் சேர்ப்பார்களா?"

பதில் சொல்ல முடியவில்லை. பல சோதனைகள் நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களையே, மூச்சுத்திறன் நன்றாக உள்ளவர்களையே எடுக்கின்றன. 1995-இல் வந்த ரிலுசோல் போல, நோயை மெதுவாக்கும் மருந்துக்கு அது நியாயம். இழந்த அசைவைத் திருப்பித் தரும் சிகிச்சைக்கு அதே விதி எப்படிப் பொருந்தும்? இழந்தவர்களிடம்தானே அதைச் சோதிக்க வேண்டும்?

அளக்கும் முறையையும் மாற்றுங்கள். இந்த நோயாளிகளின் அன்றாடச் செயல்திறனை அளக்கும் 48 மதிப்பெண் அளவுகோலில், ஒரு கட்டைவிரல் மணியை அழுத்துவது ஒரு புள்ளியாகக்கூட ஏறாமல் போகலாம். எங்கள் வீட்டில் அதுதான் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம். நேர்மையான சோதனையில் இடமில்லாதபோதுதான், நிரூபிக்கப்படாத ஊசிகளை விற்பவர்களிடம் குடும்பங்கள் போய் நிற்கின்றன.

படுக்கையில் இருப்பவரை அழைத்துவருவது சிரமம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். மூச்சுக் கருவியோடு நாங்கள் அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
தம்பி ஒருவன்