பகல் வெயிலை இரவுக்கு வைத்துக்கொள்ள நீர் இருக்கிறது: வலுசக்தி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

வலுசக்தி அமைச்சின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரத்தில் வசிக்கிறேன். கொழும்பில் நாங்கள் குடிப்பது அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீரைத்தான். எங்கள் வீட்டு விளக்கிலும் இதற்குப் பங்கு உண்டு. மலைநாட்டுக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் திறந்துவிடும் தண்ணீர் விமலசுரேந்திர, பழைய லக்ஷபான, பொல்பிட்டிய, பிரோட்லண்ட்ஸ் என்று நான்கு நிலையங்களின் சுழலிகளைச் சுற்றிவிட்டே எங்கள் பக்கம் இறங்குகிறது. ஒரே தண்ணீர், நான்கு தடவை மின்சாரம். மலைநாட்டு ஆறுகளில் இப்படி மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். லக்ஷபான ஓடத் தொடங்கியது 1950இல். நல்ல யோசனை ஒன்றை முப்பது வருடத்துக்கு மேல் காக்க வைத்த நாடு இது. பகல் சூரிய மின்சாரத்தை நீரில் சேமித்து வைக்கும் இன்னொரு யோசனையையும் அப்படிக் காக்க வைத்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்த கதை மட்டும்தான் பலருக்கு ஞாபகம். நல்ல வெயில், விடுமுறை நாளின் குறைந்த தேவை, கூரைகளிலிருந்து பெருகி வந்த சூரிய மின்சாரம், அந்த அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்குக் கனமான சுழலிகள் ஓடாமை. உண்மையான பாடம் அங்கேதான் இருந்தது. அடுத்த ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்ததும் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மக்களிடம் கேட்கப்பட்டது. கடன் வாங்கித் தகடு போட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! பகலில் வேண்டாம் என்று தள்ளிய மின்சாரத்தை, பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் ஓடும் நேரத்தில் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து ஈடுகட்டுகிறோம். 2022 மார்ச் கடைசியில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் இருந்தவர்கள் நாம்.

இதற்கு மருந்து உங்கள் மேசையிலேயே இருக்கிறது. மகா ஓயா நீரேற்றுச் சேமிப்புத் திட்டம், 600 மெகாவாட். மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒன்று. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தால் கீழே உள்ள நீரை மேலே ஏற்றி, மாலையில் அதே நீரைச் சுழலி வழியாக இறக்குவது. நட்டம் உண்டு, ஏறக்குறைய நான்கு யூனிட் கொடுத்தால் மூன்று யூனிட் திரும்பி வரும். தள்ளிவிடும் மின்சாரத்தில் முக்கால்வாசி திரும்பக் கிடைப்பது எனக்குப் பெரிய இலாபமாகத்தான் தெரிகிறது. அது கட்டி முடியும்வரை காசல்ரீ, மவுசாகலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் பகலில் முடிந்தவரை நீரைப் பிடித்து வைத்து மாலையில் ஓடட்டும். குடிநீரையும் வயல் நீரையும் தொடாமல் இதில் எவ்வளவு செய்யலாம் என்ற கணக்கை மக்கள் முன் வையுங்கள்.

கடலிலிருந்து எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கடல்மட்டம் ஏறி இறங்குவதிலிருந்து எடுக்கும் வற்றுப்பெருக்கு மின்சாரம் நமக்கு ஒத்துவராது. பிரான்சில் 1966 முதல் ஓடும் லா ரான்ஸ் நிலையத்தில் கடல் சராசரி எட்டு மீற்றர் ஏறி இறங்குகிறது. கொழும்பில் பௌர்ணமிக்குக்கூட ஒரு மீற்றர் ஏறாது. அலை வேறு விசயம். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் காலிமுகத்திடலில் அலை சுவரைத் தாண்டி வீதிக்கே தெறிக்கும். காலி முதல் அம்பாந்தோட்டை வரை தென்சமுத்திரத்து அலை வருடம் முழுவதும் வருகிறது. ஸ்பெயினில் முத்ரிக்கு என்ற ஊரில் துறைமுக அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே அறைகள் கட்டி, அலை ஏறி இறங்கும்போது தள்ளும் காற்றில் சுழலியைச் சுற்றுகிறார்கள். 2011 முதல் ஓடுகிறது. ஆனால் அதன் முழு அளவே ஏறக்குறைய 300 கிலோவாட். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991இல் கட்டிய அலை மின்நிலையம் நிலைக்கவில்லை. ஆகவே இப்போதைக்குப் பணத்தைக் கொட்டாமல், தென்கரையில் அலையை ஒழுங்காக அளந்து பதிவு செய்யுங்கள், போதும்.

இனி, எனக்கு மனதில் அதிகம் உறுத்துவதைச் சொல்கிறேன். தண்ணீர் மின்சாரம் சுத்தமானது என்கிறோம். அதற்கு விலை கொடுத்தது யார்? மவுசாகலையில் நீர் வற்றும் காலத்தில் அதில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயில் சேற்றுக்குள்ளிருந்து வெளியே தெரியும். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்த லயன்கள் பலவற்றுக்குக் கரண்ட் வந்தது கொழும்புக்கு வந்து வெகு காலத்துக்குப் பிறகு. சிற்றோடைகளில் கட்டும் சிறு நீர்மின் நிலையங்களும் அப்படித்தான்: ஓடையை மறித்துக் குழாயில் திருப்பினால், மறித்த இடத்துக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே பாறை மட்டும் மிஞ்சும். அணையடியில் ஓடைக்கென்று விட்ட சிறு வாயில் சருகும் மணலும் அடைத்துக் கிடந்தால் கேட்பதற்கு ஆளில்லை. ஓடைக்கு எவ்வளவு நீர் விட வேண்டும் என்பதை அணையிலேயே மும்மொழியில் எழுதி, அளவுகோலும் நட்டு வையுங்கள். ஊர்ச்சனம் பார்த்துக்கொள்ளும்.

மகா ஓயாவிலும் இதே பிழை நடக்க வேண்டாம். சுற்றாடல் அறிக்கையைத் தமிழிலும் முழுமையாக வெளியிடுங்கள். இரண்டு பக்கச் சுருக்கம் போதாது. நிலம் யாருடையது, கிணறு வற்றினால் யார் பொறுப்பு, நட்டஈடு எத்தனை மாதத்தில் என்பதை முதல் குழி வெட்டுவதற்கு முன் எழுத்தில் கொடுங்கள். கருத்துக் கேட்கும் கூட்டத்தைக் கொழும்பு மண்டபத்தில் வைக்காமல், திட்டம் வரும் பக்கமான அரநாயக்கவிலும் நாவலப்பிட்டியிலும் வையுங்கள். அதுவும் தோட்டத்தில் கொழுந்து நிறுத்து முடித்து ஆட்கள் வரக்கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

இப்படிக்கு,
முகத்துவாரத்து மின்பாவனையாளர் ஒருவர்
கொழும்பு 15